நான்கு பழைய பட்டாளத்து ரைஃபிள்களும் எங்கள் வீட்டு நடைவழியும்

எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவு வரை 11 அடி. நடைவழியின் அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. டேப் வைத்து அளந்தே சொல்கிறேன். மொசின்-நகான்ட் 91/30 ரைஃபிளின் நீளம் 1232 மில்லிமீட்டர், அதாவது நான்கு அடிக்கும் கூடுதல். அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அந்த நடைவழியில் திரும்பவே முடியாது. இந்த ஒரு கணக்கை முன்பே போட்டிருந்தால், எந்த ரைஃபிளை வீட்டுக் காவலுக்கு வைப்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்திருக்கும். ஆனால் பழைய ரைஃபிள் பைத்தியம் பிடித்தவன் டேப்பை எடுப்பதில்லை, முத்திரையையும் வருடத்தையும்தான் பார்ப்பான்.

பல வருடங்களாகச் சேர்த்ததில் ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள்கள் நான்கு என்னிடம் இருக்கின்றன: ரஷ்ய மொசின், பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு நம்பர் 4, யூகோஸ்லாவிய எஸ்கேஎஸ், அமெரிக்க எம்1 கார்பைன் என்ற குட்டை ரைஃபிள். "இதில் ஒன்றை வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாமே, போர்க்களத்தையே பார்த்தவை ஆயிற்றே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனைவிக்குப் படவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டுல எடுத்துப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றாள். சரி, எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் தாத்தா வீட்டில் இருந்தபோது சோதித்தோம். நிஜத் தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் பூட்டில். நான்கின் சேம்பரையும், அதாவது தோட்டா உட்காரும் அறையையும், ஆளுக்கொரு முறை விரல் விட்டுப் பார்த்தோம். டம்மி தோட்டாக்கள் மட்டும் கையில். விளக்கை அணைத்துவிட்டு, மனைவி கையில் போன் ஸ்டாப்வாட்ச்.

முதலில் மொசின். 1891-இல் ஜார் காலத்தில் ஏற்றுக்கொண்டு 1930-இல் திருத்திய வடிவம். இதன்மேல் எனக்குள்ள பிரியத்தைச் சொல்லி மாளாது. வந்தபோது, துரு பிடிக்காமல் இருக்கப் பூசும் காஸ்மோலின் கிரீஸில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி ஒரு நிறம், ஒட்டினால் விடாது. இரண்டு நாள் வெந்நீரும் துணியுமாகப் போராடினேன். இன்றைக்கும் வெயிலில் வைத்தால் கட்டையிலிருந்து வியர்வை போலக் கசியும். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் பாருங்கள்: தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டான போல்ட்டின் பின்னால் இருக்கும் குமிழைப் பின்னுக்கு இழுத்து, இடப்பக்கம் திருப்பி, விட வேண்டும். உள்ளே இருப்பது பலமான ஸ்பிரிங். என் உள்ளங்கை வியர்த்திருந்தது, மூன்று தடவை நழுவியது. மனைவி ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

நடைவழியில் நான் திரும்பிய வேகத்தில் குழல் முனை கதவு நிலையில் இடித்துப் பெயிண்ட் பெயர்ந்தது. உள்ளே போட முடிவது ஐந்தே தோட்டா. ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். நன்றாகச் சுட்டுச் சூடேறிய மொசினின் போல்ட் சில நேரம் உள்ளங்கையால் அடித்தால்தான் எழும் என்பது மொசின் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. குட்டையாக வேண்டும் என்றால் எம்44 கார்பைன் இருக்கிறது, சுமார் ஒரு மீட்டர் நீளம், பக்கவாட்டில் மடங்கும் பயனெட் கத்தியோடு. ஆனால் அதே முழுபலத் தோட்டாவைக் குட்டைக் குழலில் சுடும்போது வரும் தீப்பிழம்பைச் சுடுதளத்தில் பகலிலேயே பார்த்திருக்கிறேன். இருட்டறையில் அதைச் சுட்டவனுக்கு அடுத்து எதுவும் தெரியாது.

இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் பழைய ராணுவத் தோட்டா. அவற்றின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமரில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் குழலில் படிவது உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்க வைக்கும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது, முதலில் வெந்நீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் சுடுதளத்திலிருந்து வந்த அலுப்பில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாய்த்து வைத்துவிட்டேன். மறுநாள் துணி விட்டு இழுத்தபோது மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்தது மாதிரி வந்தது. தப்பு என்னுடையதுதான்.

அடுத்தது லீ-என்ஃபீல்டு. நம்மவர்களுக்கு 'த்ரீ நாட் த்ரீ' என்று சொன்னால்தான் புரியும். ஒவ்வொரு முறை சுடவும் போல்ட்டை இயக்க வேண்டிய ரைஃபிள்களில் இதைப் போல வழுக்கிக்கொண்டு ஓடுவதை நான் பார்த்ததில்லை. போல்ட்டைக் கொஞ்சமாகத் தூக்கினால் போதும். சுடும் ஸ்பிரிங் இறுகுவது மூடும்போதுதான், அதனால் திறக்க மெனக்கெட வேண்டாம். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய், இதன் மூத்த வடிவத்தில், 300 கஜ தூரத்தில் நிமிடத்துக்கு 15 குறி பார்த்த சூடுகள் சுடப் பழகியிருந்தான். மேகசினில் பத்துத் தோட்டா. மொசினை விடப் பத்து சென்டிமீட்டர் குட்டை.

இதில் எனக்கு நடந்தது விளிம்புத் தகராறு. .303 தோட்டாவின் அடியில் தடித்த விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இருட்டில் ஒவ்வொன்றாக அவசரமாகத் திணித்ததில் மூன்றாவது டம்மி நகர மாட்டேன் என்றது. மேகசினைக் கழற்றி, தட்டிக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து. ஸ்டாப்வாட்ச் 40 வினாடியைத் தாண்டியது. பின்னால் நின்றவள் சிரிப்பை அடக்கியது கேட்டது.

லீ-என்ஃபீல்டு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பர் 4-இல் போல்ட் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண் போட்ட அளவுகளில் வரும். போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனாலும், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளியை, அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதன் மூத்த வடிவத்தை ஒட்டி, மேற்கு வங்கத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்த 2ஏ1 என்று ஒன்று உண்டு, அது 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஆனது, மேகசினில் 12. அதைக் கையில் எடுத்திருக்கிறேன், சுட்டதில்லை. ஜெர்மானிய மவுசர் கே98கே பற்றிக் கேட்பவர்களுக்கு: அருமையான ரைஃபிள், ஐந்து தோட்டா, மொசினுக்குச் சொன்னதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும். அமெரிக்க ராணுவத்தின் காரண்ட் ரைஃபிள் ஒரு நண்பரிடம் இருக்கிறது. எட்டுத் தோட்டா கிளிப், 4.3 கிலோ, கிளிப் ஏற்றும்போது கட்டைவிரலைக் கவனிக்காவிட்டால் நசுக்கிவிடும்.

எஸ்கேஎஸ்தான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். சிமோனோவ் வடிவமைத்தது, விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானாக ஏறும். 7.62×39 தோட்டா, உதை குறைவு, மேகசின் பத்து. என்னிடம் இருப்பது எம்59/66, முனையில் கிரனேடு எறியும் குழாய் வேறு. முன்பக்கம் கனத்து, நடைவழியில் கிட்டத்தட்ட மொசின் பட்ட பாடுதான்.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது நீளமில்லை. விற்ற கடையில் "எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, அப்படியே சுடலாம்" என்றார்கள். நல்லவேளை, நம்பவில்லை. எஸ்கேஎஸ்ஸில் ப்ரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்குப் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் கிடையாது, போல்ட்டுக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். அந்தத் துவாரத்தில் கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஊசி முன்னால் நீட்டியபடியே நின்றுவிடும். போல்ட் மூடியதும், விசையைத் தொடாமலே வெடிக்கும். தொடர்ந்து வெடித்துக்கொண்டே போகவும் கூடும். போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள்: கலக் கலக் என்று சத்தம் வர வேண்டும். என்னுடையது ஊமையாக இருந்தது. பின்னைக் கழற்றியபோது கிரீஸ் மெழுகுத்திரி மாதிரி உருண்டு வந்தது.

இறக்குவதும் சிரமம். மேகசின் உடலோடு ஒட்டியது. அடியில் இருக்கும் மூடியைத் திறந்தால் பத்துத் தோட்டாவும் பொலபொலவென்று தரையில் கொட்டும். அந்த அமைதியில் அது பாத்திரம் உருண்ட மாதிரி கேட்டது. காலியாக வைத்துவிட்டு வேண்டும்போது, தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் பட்டைக் கிளிப்பில் ஏற்றலாம் என்பார்கள். பகலில் எட்டு வினாடியில் ஏற்றினேன். இருட்டில் கிளிப் பள்ளத்தில் உட்காராமல் சரிந்து, 30 ஆனது.

கடைசியாக எம்1 கார்பைன். நீளம் 904 மில்லிமீட்டர், எடை சுமார் இரண்டரைக் கிலோ. மனைவி தூக்கித் தோளில் வைத்தவுடன் "இதான் மனுஷன் தூக்கற மாதிரி இருக்கு" என்றாள். 1941-இல் வந்தது, காரண்டைச் சுமக்க முடியாத ஓட்டுநர்கள், தகவல் தொடர்பு ஆட்கள், மோர்ட்டார் குழுக்கள் கையில் கைத்துப்பாக்கிக்குப் பதிலாகக் கொடுக்கச் செய்தது. 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஐபிஎம்மும், பாட்டுப் பெட்டி செய்த ராக்-ஓலாவும்கூடச் செய்தன. என்னுடையதில் அண்டர்வுட் முத்திரை, தட்டச்சு இயந்திரக் கம்பெனி. தோட்டாவின் ப்ரைமர் ஆரம்பத்திலிருந்தே துரு பிடிக்க வைக்காத வகை. அதனால் மொசினுக்கு ஊற்றிய வெந்நீர் இதற்கு வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. மேகசின்தான் இதன் பலவீனம். கூட வந்த மூன்று பழைய மேகசின்களில் இரண்டு, தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடுகள் வளைந்து போனதால் அதைச் சரியாக ஏற்றவில்லை. பதினைந்து தோட்டா கொள்ளும் புது மேகசின்கள் வாங்கிய பிறகு சிக்கலில்லை. இன்னொன்று, ஆரம்ப கால கார்பைனில் சேஃப்டி ஒரு பொத்தான், மேகசினை விடுவிப்பது இன்னொரு பொத்தான், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இருட்டில் மனைவி சேஃப்டி என்று அழுத்தினாள், மேகசின் என் கால் விரலில் விழுந்தது. ராணுவமே பிற்பாடு சேஃப்டியைத் திருப்பும் நெம்புகோலாக மாற்றியது இதனால்தான். நானும் மாற்றிவிட்டேன். மேகசினைச் செருகித் தயாராக அவள் எடுத்துக்கொண்ட நேரம் ஆறு வினாடி.

எனவே கார்பைன் என்பேன். நான்குக்குள் என்றால்தான்; புதிதாக வேறு வாங்க வழியிருப்பவர் இந்த நான்கின் பக்கமே வர வேண்டாம். காரணம் சுவர். எங்கள் அறைக்கும் பிள்ளைகள் அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். ஈயத்தை உலோக உறை மூடிய ராணுவத்து முழு உறைத் தோட்டா, மொசினிலிருந்து சுமார் 3500 ஜூல் ஆற்றலோடு கிளம்புவது, அந்தச் சுவரைச் சுவர் என்றே மதிக்காது. கார்பைனில் அது சுமார் 1300 ஜூல். அதுவும் துளைக்கும், சந்தேகம் வேண்டாம். அதற்கு, பட்டதும் விரியும் மென்முனைத் தோட்டா வாங்கி, என் மேகசினில் தடுமாறாமல் ஏறுகிறதா என்று இருநூறு சுட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான். சத்தமும் சாதாரணமில்லை. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடிச்சத்தம் காதைக் கெடுக்கப் போதும். ரைஃபிள் எல்லாமே அதைத் தாண்டும், மூடிய அறைக்குள் இன்னும் மோசம். அதனால் பெட்டியில் காது மூடியும் வைத்திருக்கிறோம்.

மனைவி போட்ட திட்டம் என்னுடையதை விடச் சுருக்கம். சத்தம் கேட்டால் அவள் போய்ப் பிள்ளைகளை எங்கள் அறைக்குக் கூட்டி வருவாள், கதவைத் தாழிட்டு போலீசுக்குப் போன் செய்வோம், கார்பைன் கதவைப் பார்த்தபடி என் கையில் இருக்கும். நடைவழியில் யாரும் துப்பாக்கியோடு உலாத்தப் போவதில்லை. கார்பைன் சேம்பர் காலியாக, மேகசின் கழற்றி, எண் பூட்டுப் பெட்டியில் இருக்கிறது. மொசின் பழையபடி அலமாரியில். மாதம் ஒருமுறை வெந்நீர்க் குளியல் உண்டு. கதவு நிலையில் பெயர்ந்த பெயிண்டுக்கு இன்னும் ஒரு கோட் அடிக்கவில்லை. அடுத்து எந்த ரைஃபிளைப் பற்றி நான் வாயைத் திறந்தாலும் மனைவி அந்த இடத்தைத்தான் காட்டுகிறாள்.