முயல் தீவனம்: கடையில் கிடைக்கும் நான்கு சரக்கில் எதை எடுப்பது, எதை விடுவது

செல்லப்பிராணிக் கடையில் முயலுக்குத் தீவனம் கேட்டால் பெரும்பாலும் நான்கு சரக்கு வரும்: பல நிறக் கலவை, சாக்கிலிருந்து அளந்து கட்டும் பெல்லட் (அரைத்து அழுத்திய சிறு துண்டுகள்), டிமோதி என்ற புல்லில் செய்த இறக்குமதி பெல்லட், டிமோதி உலர்புல். முயல் கொழுப்பதும் அளவாக இருப்பதும் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கலவையை வாங்கவே வாங்காதீர்கள். சோள அவல், காய்ந்த பட்டாணி, சூரியகாந்தி விதை, சாயம் ஏற்றிய உருண்டை என மாவுச்சத்தும் கொழுப்பும்தான் அதில் அதிகம். கிண்ணத்தில் கொட்டிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலுதட்டால் துழாவி மஞ்சள் அவலையும் பட்டாணியையும் பொறுக்கியிருக்கும். நார் நிறைந்த பச்சைத் துண்டுகள் அடியில் அப்படியே கிடக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் மறுபடியும் பொறுக்கல்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 டச்சு முயல்களுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்து 17 மாதம் கவனித்தார்கள். கலவை கிடைத்தவை உலர்புல்லைக் குறைத்துக்கொண்டன, உடல் பருத்தன. புல்லே இல்லாமல் கலவை மட்டும் தின்றவற்றுக்குக் கடைவாய்ப் பற்கள் நீண்டு வளைந்தன. 2013-ல் பிரிட்டனின் பெட்ஸ் அட் ஹோம் கடைகள் முயல் கலவை விற்பதையே நிறுத்திவிட்டன. நம் கடைகளும் நிறுத்த வேண்டும்.

சாக்குப் பெல்லட் கெட்ட சரக்கு அல்ல, ஆனால் வேறு வேலைக்கானது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற கறி முயல்களை மூன்று மாதத்தில் இரண்டு கிலோவுக்குக் கொண்டுவரச் சோளம், பிண்ணாக்கு, தவிடு சேர்த்து அரைப்பது. கூடத்தில் படுத்திருக்கும் நான்கு வயது முயலுக்கு அதே தீவனம் கொடுத்தால் அதே வேலையைத்தான் செய்யும். பிரித்துக் கட்டித் தருவதால் தயாரித்த தேதியும் தெரியாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

டிமோதி பெல்லட் வாங்கலாம், அளவோடு. பாக்கெட்டின் பின்பக்கம் முதல் பெயர் புல்லாக இருக்க வேண்டும். ஆக்ஸ்போ நிறுவனத்தின் வளர்ந்த முயலுக்கான பெல்லட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: நார் குறைந்தது 25 சதவீதம், புரதம் 14. நார் 18-க்குக் கீழே இருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். கிலோ எடைக்கு நாளுக்கு 25 கிராம் என்பது உச்சவரம்பு. ஓட்டமில்லாத வீட்டு முயலுக்கு 10 முதல் 15 கிராம் போதும். சமையலறைத் தராசில் நிறுத்துக் காலை, மாலை எனப் பிரித்துப் போடுங்கள். தானாகக் கொட்டும் டப்பாக்களை எடுக்காதீர்கள். அவை இருந்தால் அளவு என்ற பேச்சே இல்லை. ஓட்டை வைத்த உருட்டுப் பந்து நல்ல செலவு. மாலைப் பங்கை அதில் போட்டால் உருட்டி உருட்டித்தான் தின்ன வேண்டும்.

பணத்தைப் போட வேண்டியது உலர்புல்லில். கடையில் ‘ஹே’ என்று கேட்டால்தான் புரியும். முயல் ஓயாமல் மெல்லப் பிறந்த பிராணி. முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன, மென்றால்தான் தேயும். நீண்ட நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடலும் நகரும். இதற்கு மட்டும் அளவு கிடையாது. முயலின் உடம்பளவு குவியல் தினமும் இருக்கட்டும். இரண்டு கிலோ முயலுக்குச் சிந்தல் சேர்த்து நாளுக்கு 100 கிராம் என்று கணக்கு வைத்தால் ஒரு கிலோ பாக்கெட் பத்து நாள் வரும்.

நல்ல பாக்கெட் பச்சை மாறாமல் இருக்கும், திறந்ததும் தேயிலை போல மணக்கும், தண்டு விரல் நீளத்துக்கு மேல் இருக்கும். அடியில் தூள் குவிந்திருந்தாலோ புழுங்கிய வாடை வந்தாலோ திருப்பிக் கொடுங்கள். பெயரையும் கவனியுங்கள்: பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் அல்ஃபால்ஃபா, அதாவது குதிரை மசால், புரதமும் கால்சியமும் மிகுந்தது. ஆறு மாதம் வரையிலான குட்டிகளுக்குத்தான் அது. வீட்டில் பிளாஸ்டிக்கில் முடிந்து வைக்காமல் துணிப்பையில் தொங்கவிடுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் மருந்தடிக்காத அருகம்புல், கொழுக்கட்டைப் புல்லைச் சேர்த்துக்கொள்ளலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு மட்டும். புல் கூடையைக் கழிவுத் தட்டின் மேலேயே மாட்டுங்கள், முயல் புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லும்.

ஏற்கெனவே கொழுத்த முயலுக்குத் தீவனத்தை ஒரே நாளில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பெல்லட்டை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். இரண்டரைக் கிலோ முயல் வாரத்துக்கு 25 முதல் 50 கிராம் இறங்கினால் சரியான வேகம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே எடுத்துத் தின்னும். வாலடியில் அது திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருந்தால் மாவுச்சத்து மிகுந்துவிட்டது, அல்லது உடல் பருத்துக் குனிந்து எடுத்துத் தின்ன எட்டவில்லை என்று பொருள். அங்கே ஈ முட்டையிடும், தினமும் பாருங்கள். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேரட்டும் வாழைப்பழமும் இனிப்புக் கணக்கில் வரும்: மெல்லிய வில்லை ஒன்று, வாரத்துக்கு இரண்டு முறை. பிஸ்கட், ரொட்டி, சோறு வேண்டாம்.