எச்சில் பெட்டியும் இரண்டரை சென்டிமீட்டர் பள்ளமும்

போன வாரம் பாகான் செராயிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். தீபாவளிக்குள் சமையலறையை இடித்துக் கட்டப் போகிறார்களாம். "அண்ணி, நீங்க பாத்திரம் கழுவுற மிஷின் வச்சிருக்கீங்களே, நாங்களும் மேசைக்கு அடியில ஒண்ணு போட்டுடலாமா? போடலாம், வேண்டாம், ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். அவள் கேட்ட நேரத்தில் எங்கள் மிஷின் சமையலறை நடுவில் வயர் தொங்க நின்றுகொண்டிருந்தது. முன்னால் தரையில் இரண்டு டைல் பெயர்த்த குழி. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரே வார்த்தையில் முடியாது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், ஒரு மாடிகூட இல்லாத வரிசை வீடு. அத்தை தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு தொழிலாளர் லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, வந்தார்கள். பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டி, மிஷின் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. 60 சென்டிமீட்டர் அகலம், பெரிய குடும்பத்துக்கானது. மற்ற விவரமெல்லாம் கடைக்காரரே சொல்வார்.

முதலில் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கத்தில் சமையல் மேசை என்றால் செங்கல்லில் கால் கட்டி, மேலே கொங்கிரீட் பலகை ஊற்றி, டைல் ஒட்டியது. தண்ணீர் பட்டாலும் ஊறாது, அம்மியைத் தூக்கி வைத்தாலும் அசையாது. பழைய மேசையை இடித்துவிட்டு, மிஷினுக்கென்று 61 சென்டிமீட்டர் அகலத்தில் இடம் விட்டுப் புது மேசை கட்டினோம். அகலத்தில் இருந்த அக்கறை உயரத்தில் இல்லை. அத்தையும் குள்ளம், நானும் குள்ளம். நின்று சமைக்க வசதியாக இருக்கட்டும் என்று மேசையைத் தாழ்த்தச் சொன்னதே நாங்கள்தான். பலகைக்கு அடியில் கிடைத்தது 82 சென்டிமீட்டர். மிஷின் மேல்மூடியோடு 85. மூடியைக் கழற்றி, கால்களை உள்ளே முழுக்கத் திருகிவிட்டால் 81.5. அரை சென்டிமீட்டர் மிச்சம். மெதுவாகத் தள்ளினோம், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. என் வீட்டுக்காரர் கை தட்டினார்.

டைல் ஒட்டுகிறவர் வந்தது ஒரு வாரம் கழித்து. பழைய டைலை உடைத்தால் செலவு, தூசி, சத்தம். அதனால் அதன் மேலேயே புது டைல். இந்த வரிசையில் பாதி வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. டைல் ஒரு சென்டிமீட்டர், கலவை ஒன்றரை. தரை இரண்டரை சென்டிமீட்டர் ஏறிவிட்டது. மேசைக்கு அடியில் மட்டும் ஒட்டவில்லை. "கேபினெட்டுக்கு அடியில யாருக்கா குனிஞ்சு பார்க்கப் போறா? டைலாவது மிச்சமாகும்" என்றார் குத்தகையாளர். 180 வெள்ளி (ரிங்கிட்) குறைகிறதே என்று நானும் தலையாட்டினேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மிஷின் நிற்பது பழைய தரையில். அதன் காலடி வரைக்கும் புதுத் தரை வந்து முட்டி நிற்கிறது. வெளியே வர அதற்கு 81.5 வேண்டும், வாசலில் இருப்பதோ 79.5. பானைக்குள் தலையை விட்ட ஆடு மாதிரி, உள்ளே போன வழியில் வெளியே வர முடியாது. இது இரண்டரை வருடம் எங்கள் யாருக்கும் தெரியாது. வேலை செய்கிற மிஷினை யார் வெளியே இழுத்துப் பார்க்கிறார்கள்?

போன மாதம் அத்தை, "சிங்க் பக்கம் என்னமோ நாறுது" என்றார். செத்த பல்லியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் எறும்பு வரிசை வந்தது. போன் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தால் மிஷினுக்கு அடியில் தண்ணீர் பளபளக்கிறது. சாதாரணத் தரையாக இருந்தால் முதல் நாளே கால் நனைந்திருக்கும். இந்தப் பள்ளம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் குளம்போலத் தேக்கி வைத்திருந்தது. பக்கத்துக் கேபினெட்டின் மரத்தூள் பலகை அடியில் ஊறி ஊறிக் குழிப்பணியாரம் மாதிரி உப்பிவிட்டது.

ஈப்போவிலிருந்து ரிப்பேர் செய்கிற தம்பி வந்தார். தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, "பின்னாலிருந்து வருதுக்கா, வெளிய இழுக்கணும்" என்றார். இழுத்தார். கால் டைல் விளிம்பில் இடித்து நின்றது. கால்களை இன்னும் உள்ளே திருகலாமா என்று பார்த்தார். திருக ஒன்றும் மிச்சமில்லை. ஸ்க்ரூடிரைவரால் டைலை டொக் டொக் என்று தட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். "டைலை உடைச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி, வந்து போன கூலி 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

டைல் உடைக்க 250 வெள்ளி. மறுபடி ஈப்போ, மறுபடி 80. மிஷின் வெளியே வந்ததும் பார்த்தால், கழிவுநீர் வெளியேறுகிற பிளாஸ்டிக் குழாயில் வரிசையாகப் பல் தடம். எலி. செம்பனைக் காட்டு ஓரத்தில் குடியிருந்துகொண்டு எலியைக் கோபித்துப் பயனில்லை. குழாய் சுவரைத் துளைத்துப் பின்பக்கக் கால்வாய்க்குப் போகும் இடத்தில் ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள், அது வந்துவிட்டது. புதுக் குழாய் 65 வெள்ளி. 65 வெள்ளிப் பொருளை மாற்ற மொத்தம் 500 வெள்ளி போலச் செலவு. மிச்சம் பிடித்த 180 எங்கே போனது என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு மிஷினைப் பற்றி நாலு வார்த்தை நல்லது சொல்லாவிட்டால் பாவம். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

வாங்குகிறபோது நான் எதிர்பார்த்தது நேரம் மிச்சமாகும் என்பதுதான். அது அப்படி ஒன்றும் பெரிதாக மிச்சமாகவில்லை. அடுக்க வேண்டும், எடுத்து வைக்க வேண்டும், சிக்கனக் கழுவலுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். நான் எதிர்பார்க்காதது வாடை. மீன் கறி வைத்த மறுநாள் காலையில் தேத்தண்ணி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் ஒரு கவிச்சி வருமே, கையால் எத்தனை தடவை தேய்த்தாலும் விளிம்பில் ஒளிந்துகொண்டு? அது போயே போய்விட்டது. நெத்திலிச் சம்பல் கிளறிய கரண்டியை உள்ளே வைத்து எடுத்தால், அதாலேயே பாயசம் கிண்டலாம். கழுவி முடித்துக் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற அந்தச் சூட்டு ஆவியில் ஒன்றுமே மணக்காது. ஒன்றுமே மணக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

தண்ணீரும் குறைவுதான். ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர். குழாயைத் திறந்துவிட்டுத் தேய்க்கிற எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு அது வாய் கொப்பளிக்கிற தண்ணீர். கூடவே வந்த சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தோம், எங்கள் தண்ணீரில் கடினத்தன்மை இல்லை. அதனால் கடினத் தண்ணீரை மென்மையாக்க மிஷினில் உப்புப் போடுகிற செலவும் இல்லை.

அத்தைக்கு அது இன்னும் "எச்சில் பெட்டி"தான். தோட்டத்துப் பொதுக்குழாயில் முறை வைத்து நின்று, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்த கை அது. எச்சில் தட்டும் சமைத்த சட்டியும் ஒரே பெட்டியில் ஒன்றாகக் குளிப்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. முதல் மூன்று மாதம் நான் உள்ளே வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு தடவை கழுவுவார், வெளியே எடுத்த பிறகு இன்னொரு தடவை கழுவுவார். நடுவில் மிஷின் ஒரு தடவை. பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைப் பாத்திரம் தனி, கையால்தான். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின இரவு 70 டிகிரி சூட்டில் காலிப் பெட்டியை ஒரு முறை ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மாதம் அது சைவம். தயாரித்தவர்கள் தந்த புத்தகத்திலும் மாதம் ஒரு முறை காலியாக ஓடவிடச் சொல்லித்தான் போட்டிருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "பார்த்தியா, வெள்ளைக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

வெள்ளைக்காரிக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 1886இல் அமெரிக்காவில் ஜோசபின் கோக்ரன் என்ற அம்மையார் இந்த மாதிரி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வீட்டு வேலையாட்கள் கழுவும்போது தன் பீங்கான் தட்டெல்லாம் விளிம்பு உடைகிறதே என்ற ஆத்திரத்தில் செய்தது. தட்டுக்கும் கோப்பைக்கும் அளவெடுத்துக் கம்பியில் அறை அறையாக வைத்தார். இன்றைக்கும் கம்பித் தட்டு அதே புத்தியில்தான் இருக்கிறது, மெல்லிய தட்டைப் பீங்கான் தட்டுக்காக. நம்முடைய எவர்சில்வர் தட்டுக்கு விளிம்பு இரண்டு விரல்கடை உயரம். ஓர் இடைவெளியில் ஒன்று நிற்காது, இரண்டு இடம் பிடிக்கும். 13 பேருக்கு என்று போட்டிருந்தால் நம் கணக்கில் ஏழு பேர். சாம்பார்ச் சட்டியைக் கவிழ்த்தால் கீழ்த் தட்டில் பாதி போய்விடும். அலுமினியச் சட்டியை மறந்தும் வைக்காதீர்கள், கறுத்துப்போகும். நான் வைத்தேன். பித்தளை விளக்கு, தோசைக்கல், மர அகப்பை எதுவும் உள்ளே போகக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை அப்படியேதான் வெளியே வரும், ஈரத்தோடு. வடிகட்டியை வாரம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். கடுகும் கறிவேப்பிலை நரம்பும் முருங்கைச் சக்கையும் அங்கேதான் கூட்டம் போட்டிருக்கும்.

நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியதை மறந்துவிடப் போகிறேன். தண்ணீர்க் குழாயைக் கூரைத் தொட்டியிலிருந்து கொடுக்காதே. எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் கொடுத்தார்கள், மிஷின் கீச் கீச் என்று கத்தியது. அது கேட்பது குறைந்தது 0.5 பார் அழுத்தம். அதற்குத் தொட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், உங்களுடையதும் மாடியில்லாத வீடு. சிங்க் குழாய்க்கு நேராக வெளியிலிருந்து வருகிற பைப்பில் எடு. பிளக்கை மிஷினுக்குப் பின்னால் வைக்காமல் பக்கத்துக் கேபினெட்டுக்குள் வைக்கச் சொல். இதை மட்டும் எங்கள் வயர்மேன் சரியாகச் செய்தார், அவர் புண்ணியத்தில்தான் ஒழுகின அன்றைக்குக் கையெட்டி அணைக்க முடிந்தது. கொங்கிரீட் பலகையில் திருகாணி ஏறாது, மிஷினைப் பக்கச் சுவரோடு பிடித்துக் கட்டச் சொல். கட்டாவிட்டால் இரண்டு கம்பித் தட்டையும் பாரத்தோடு இழுக்கும்போது முன்னால் சாயும். எங்களுடையது சாயவில்லை, பலகை அதன் தலையை அமுக்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் நின்றதில் கிடைத்த ஒரே லாபம். டைலை மட்டும் கடைசிச் சுவர் வரைக்கும், மிஷின் வருவதற்கு முன்னால் ஒட்டிவிடு. குத்தகையாளர் என்ன சொன்னாலும் சரி. அளவு நாடாவை நீயே பிடி.

குத்தகையாளரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "மிஷின் நல்லா ஓடுதாக்கா?" என்று கேட்டார். நல்ல மனிதர், சுவரெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகக் கட்டிக் கொடுத்தவர். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டு "ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உப்பிப்போன கேபினெட்டைப் பார்த்ததும் ஏன் முழுங்கினேன் என்று இருந்தது.

அதே டைல் இப்போது கடையில் வருவதில்லையாம். கொஞ்சம் ஒத்துப்போகிற சாம்பல் நிறத்தில் இரண்டு வாங்கி, கலவை போட்டு ஒட்டாமல், அடியில் பலகை வைத்துச் சும்மா பதித்திருக்கிறோம். அடுத்த தடவை இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று. நிறமும் சேரவில்லை. மிதித்தால் டொக் என்கிறது.

நேற்று இரவு நாத்தனாரைக் கூப்பிட்டேன். எழுதியதையெல்லாம் சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ உங்க மிஷின் என்ன விலைன்னு சொல்லுங்க அண்ணி, நாங்க எடுத்துக்கிறோம்."

"அதை யாரு விக்கிறது?" என்றேன். அடுப்படியில் டொக் என்று கேட்டது. அத்தை ராத்திரித் தட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார்.