ஒன்பது பேர் அலுவலகத்தில் ட்ரெலோ: இத்தனை வருடம் பாவித்த பிறகு

கொழும்பு கோட்டையில் இருக்கும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில், அதாவது இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் அலுவலகத்தில், ஒன்பது பேர். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டார்கள், ஆனால் துறைமுக வேலை நிற்கவில்லை. எங்களில் பாதிப்பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் வீட்டுக்குள். அப்போது தொடங்கியதுதான் ட்ரெலோ, யார் கையில் என்ன வேலை என்று எல்லோரும் பார்க்கிற ஒரு செயலி. வீட்டிலிருந்து வேலை என்றாலே சூம் நல்லதா, வேறொன்று நல்லதா என்றுதான் கேட்கிறார்கள். எங்களுடைய பிரச்சினை முகம் பார்த்துப் பேசுவது இல்லை, எந்த ஃபைல் யார் கையில் நிற்கிறது என்பதுதான்.

ட்ரெலோவில் ஒரு பலகை, அதில் நிரல்கள், நிரலுக்குள் அட்டைகள், அவ்வளவுதான். எங்கள் நிரல்கள்: ஆவணம் வந்தது, டிஓ (சரக்கை எடுக்கக் கப்பல் கம்பனி தரும் கடிதம்) எடுத்தது, கஸ்டெக் (சுங்கப் படிவம்) போட்டது, வரி கட்டியது, லொறியில் ஏறியது. ஒரு சரக்குக்கு ஒரு அட்டை. வேலை நகர நகர விரலால் அடுத்த நிரலுக்கு இழுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் பிரயோசனமே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒரு அட்டையில் மூன்று பேர் பெயர் இருந்தது, மற்றவர் பார்ப்பார் என்று மூவரும் விட்டார்கள். டிஓ பிரதி ஒன்று போன் குழுவில் வந்து, நூறு செய்திக்குக் கீழே புதைந்து, கொள்கலன் துறைமுகத்திலேயே கிடந்தது. டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், எங்கள் கையிலிருந்து போனது. அன்று இரண்டு விதி வைத்தோம்: ஒரு அட்டைக்கு ஒரே ஒரு பெயர், ஆவணம் எதுவானாலும் அட்டைக்குள் மட்டும். அதற்குப் பிறகுதான் இது வேலை செய்தது.

உண்மையான சோதனை கொரோனா இல்லை, 2022 பொருளாதார நெருக்கடி. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, அதுவும் ஊரை ஏ, பி, சி என்று பிரித்து ஆளுக்கொரு நேரம், அதோடு பெற்றோல் வரிசை வேறு. ஒன்பது பேரையும் ஒரே நேரத்தில் கூட்டத்துக்கு உட்கார வைப்பது நடக்காத காரியம். கொட்டாஞ்சேனை அக்காவுக்கு இரவு பதினொன்றுக்குக் கரண்ட் வந்தால் அப்போது தன் அட்டையை முடித்து அடுத்தவர் பெயரைப் போட்டுவிட்டுப் படுப்பார், அந்த அடுத்தவர் விடிய எழும்பி அங்கிருந்து தொடருவார். யாரும் யாரையும் எழுப்பவில்லை. சிக்னல் இல்லாத நேரத்தில் போனில் எழுதியதைச் செயலி வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும், அது பெரிய உதவி.

எங்கள் வாஃப் கிளார்க் ஐயாவுக்கு, துறைமுகத்தில் நின்று சரக்கை வெளியே எடுப்பவருக்கு, அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு இது சரிவராது என்று நினைத்தேன், தப்பு. கேட் பக்கத்தில் நின்று பாஸைப் படமெடுத்து அட்டையில் போட்டு, கீழே தமிழில் "லொறி வெளிக்கிட்டுது 3.40" என்று எழுதுவார். முன்பு நாளைக்குப் பத்துத் தடவை "தம்பி, ஃபைல் இப்ப ஆரிட்ட?" என்று கேட்டு எடுப்பவர்.

அப்புறம் காசு விஷயம். 2024 இலிருந்து இலவசத் திட்டத்தில் பத்துப் பேர்தான், எங்களுக்கு மயிரிழையில் போதும். ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது, அதனால் ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறோம். காசு கட்டும் திட்டம் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் ஆளுக்கு 5 டொலர். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதைப் பார்த்தவர்கள் இதை யோசித்துத்தான் தொடுவார்கள். கணக்கு, சம்பளம் இதற்குள் கொண்டுவர வேண்டாம், அதற்கு இது செய்யப்படவில்லை. அறிவிப்புகளையும் உங்கள் அட்டைகளுக்கு மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் போன் நாள் முழுக்க அடிக்கும்.

தொடங்குகிறவர்கள் செயலியை இறக்குவதற்கு முன், உங்கள் வேலை எத்தனை கை மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்களுக்கு அந்தத் தாளுக்கே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, எட்டு நிரல் என்று தொடங்கி ஐந்தில் நின்றது.