ஹைட்ரஜனுக்கென விற்கப்படும் இரு ஓ-ரிங்குகள்: ஒரு மதிப்புரை

எங்கள் சோதனைக்கூடத்தின் ஹைட்ரஜன் இணைப்புகளுக்காக ஒரே விற்பனையாளரிடம் இரு வகை ஓ-ரிங்குகளை, அதாவது இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பரால் ஆன கசிவுத் தடுப்பு வளையங்களை, வாங்கினோம். இரண்டும் ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில் 70 கொண்டவை. இரண்டின் உறையிலும் ஹைட்ரஜனுக்கு ஏற்றவை என்றே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் ஒன்றில் கார்பன் பிளாக்கும் (நுண்ணிய கரித்தூள்) மற்றதில் சிலிக்காவும் நிரப்பியாக, அதாவது ரப்பரை வலுப்படுத்தக் கலக்கும் தூளாக, சேர்க்கப்பட்டிருப்பது நாங்கள் கேட்ட பிறகுதான் தெரியவந்தது. தரவுத்தாளில் அதைக் குறிப்பிடாமல் விட்டது, என் பார்வையில், இந்தப் பொருளின் முதற்பெரும் குறை.

வாயு ரப்பரை ஊடுருவும் அளவு, அதில் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு விரைவாக நகர்கிறது என்ற இரண்டின் பெருக்கம். எந்த நிரப்பியும் ரப்பரின் கன அளவைக் குறைத்து, வாயு செல்லும் வழியைச் சுற்றுவழியாக்குவதால் நகர்வு குறைகிறது. மைக்கா போன்ற தட்டை வடிவத் துகள்களில் இந்த விளைவு இன்னும் கூடுதல். ஆனால் கார்பன் பிளாக் தன் மேற்பரப்பில் ஹைட்ரஜனை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. நுண்ணிய துகள்களாக இருந்து மேற்பரப்பு மிகும்போது இந்த இருப்பும் மிகுகிறது. சிலிக்கா அவ்வாறு சேர்த்து வைப்பதில்லை என்பதை ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஊடுருவல் அளவு குறைவு என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோருக்கு, ரப்பருக்குள் எவ்வளவு வாயு தங்கியிருக்கிறது என்பது தெரியாமலே போகும்.

சுமார் 150 பார் சிலிண்டர் இணைப்பில், அழுத்தம் நிலையாக இருந்தவரை இரண்டும் குறையின்றிக் கசிவைத் தடுத்தன. சோப்பு நீர்ச் சோதனையில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அழுத்தத்தை விரைவாக வெளியேற்றிய பின்னர்தான் வேறுபாடு வெளிப்பட்டது. கார்பன் பிளாக் வகையை வெட்டிப் பார்த்தபோது உள்ளே நுண் விரிசல்களும் சிறு கொப்புளங்களும் இருந்தன. சிலிக்கா வகையில் அவை மிகக் குறைவு. இதற்கு நிரப்பி ஒன்றையே காரணமாக்குவதும் சரியாகாது: கொப்புளம் உண்டாவது உள்ளிருக்கும் வாயுவின் அளவை மட்டுமன்றி, அதன் அழுத்தத்தைத் தாங்கும் ரப்பரின் வலிமையையும் பொறுத்தது, அந்த வலிமையைத் தருவதும் நிரப்பிதான்.

சிலிக்கா வகைக்கும் குறை உண்டு. வெப்பமான பகுதியில் நீண்ட நாள் அமுங்கியிருந்த வளையங்கள் தம் பழைய பருமனுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. கார்பன் பிளாக் வளையங்கள் இதில் மேலானவையாக இருந்தன. விலையும் சிலிக்கா வகைக்குச் சற்று அதிகம். ஊடுருவல் குறைந்த எஃப்கேஎம் (FKM) என்ற ஃப்ளூரின் ரப்பர் வகையை ஏன் வாங்கவில்லை என்று சிலர் கேட்கலாம். 700 பார் வாகன நிரப்பு நிலையங்களில் ஹைட்ரஜன் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்விக்கப்படுகிறது, அந்தக் குளிரில் சாதாரண எஃப்கேஎம் விறைத்துவிடும் என்பதால், அத்தகைய வேலைக்கு இபிடிஎம் வகையையே முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

அடிக்கடி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டிய வால்வுகளுக்குச் சிலிக்கா வகையையும், மாதக்கணக்கில் திறக்காமல் இருக்கும் இணைப்புகளுக்குக் கார்பன் பிளாக் வகையையும் இனி வாங்கவிருக்கிறோம். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய வேண்டாம்: சிலிக்கா கலவையிலும் நிறத்துக்காகச் சிறிதளவு கார்பன் பிளாக் சேர்ப்பதுண்டு என்பதால், நிரப்பியின் பெயரையும் பங்கையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.