வீட்டுக்கு ஒரு சின்ன ஆம்ப்: வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள்

என்னிடம் எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், கிட்டார் வாங்கிய சூட்டோடு கேட்பது “எத்தனை வாட் ஆம்ப் வாங்கட்டும்?” என்றுதான். ஆம்ப் என்றால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிமேல் பெரிதாக அச்சடித்திருப்பது அந்த எண்தானே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் வாசிக்கிறவருக்கு அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒலியை அளக்கும் கணக்கில் வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமென்றால் வாட் ஏறக்குறைய பத்து மடங்கு ஏற வேண்டும். அதிலும் கிட்டார் ஸ்பீக்கர்கள் கொஞ்சம் கொடுத்தாலே நிறையக் கத்துகிற ரகம். 12 அங்குல ஸ்பீக்கர்கள் பலவும் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி நின்று கேட்டால், 97 முதல் 100 டெசிபல் வரை கொடுத்துவிடும். படுக்கையறையில் அது சண்டைக்கு இழுக்கிற சத்தம்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்தால் இந்த ஆம்ப் எப்படிப் பேசுகிறது?

கடையில் இதைச் சோதிக்க யாரும் விடுவதில்லை என்று நினைக்க வேண்டாம், கேட்டால் விடுவார்கள். வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, அடித்தந்தியை மீட்டிக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். விலை குறைந்த ஆம்புகள் சிலவற்றில் ஒரு நூலிழை தூரம் வரை சத்தமே வராது. அதைத் தாண்டியதும் திடுக்கென்று முழு அறைக்கும் கேட்கும். நடுவில் நிற்க இடமே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வாசிக்கிறவனுக்கு வேண்டியது அந்த நடு இடம்தான். என் மாணவர் ஒருவர் வாங்கிய ஆம்ப் அப்படி ஒன்று. குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் அந்தக் கோட்டைத் தேடித்தான் வாசிப்பார். கடைசியில் கிட்டாரிலேயே வால்யூமைக் குறைத்து வைத்துச் சமாளித்தார், தொனி மங்கிப்போனதுதான் மிச்சம்.

அதே சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, கையை எடுத்து, ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும் வரை காத்திருங்கள். இரைச்சலை அடக்கும் வசதி முரட்டுத்தனமாக வேலை செய்கிற ஆம்ப் என்றால், ஒலி பாதியில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும். டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் வசதி) போட்டுத் தடதடவென்று வாசித்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மெதுவான வாசிப்பில்தான் குட்டு வெளிப்படும்.

சத்தம் குறையக் குறைய நம் காதும் ஏமாற்றும். 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறைந்தால் அடிநாதம் மற்றவற்றைவிட அதிகமாகக் காணாமல் போகிறது, உச்சமும் ஓரளவு மங்குகிறது. பகலில் சத்தமாக வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தொனி ராத்திரி சவசவவென்று கேட்பதற்குக் காரணம் ஆம்பின் குறை அல்ல. பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால்தான் பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் தனித்தனியாக உள்ள ஆம்பையே எடுக்கச் சொல்கிறேன். ‘டோன்’ என்று ஒற்றைக் குமிழ் மட்டும் இருந்தால் கை கட்டிப்போட்ட மாதிரி.

ஸ்பீக்கர் அளவு வாட்டைவிட முக்கியம். கிட்டாரின் தடித்த ஈ (E) தந்தி 82 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. 4 அங்குல ஸ்பீக்கரால் அந்த அடியை அப்படியே தர முடியாது. அதோடு சேர்ந்து எழும் மேல்சுரங்களைக் கேட்டு நம் மூளை மிச்சத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. பயிற்சிக்கு அது போதும். ஆனாலும் மேஜைமேல் வைக்க இடமிருந்தால் 6, முடிந்தால் 8 அங்குலத்துக்குப் போங்கள்.

இப்போது பெயர்களுக்கு வருவோம்.

ஆரஞ்ச் க்ரஷ் 12: 12 வாட், 6 அங்குலம். பார்த்தவுடன் புரிந்துவிடும், மெனு கிடையாது, செயலி கிடையாது. மூன்று தொனிக் குமிழ்கள், ஒலியின் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கக் கெயினும் ஓவர்டிரைவும், அப்புறம் வால்யூம். புதிதாகக் கற்கிறவர் கையில் கொடுக்க எனக்குப் பிடித்தது இதுதான், குமிழைத் திருப்பினால் என்ன ஆகிறது என்பதைக் காதாலேயே கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஃபோனிலிருந்து பாட்டைச் செருகிக் கூடவே வாசிக்க இதில் வழியில்லை. அது வேண்டுமென்றால் ரிவெர்பும் (பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல் ஒலியை நீட்டும் விளைவு) ட்யூனரும் (சுருதி சேர்க்கும் கருவி) சேர்ந்து வருகிற க்ரஷ் 20ஆர்டி இருக்கிறது, ஸ்பீக்கரும் 8 அங்குலம்.

ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி: 10 வாட், 6 அங்குலம். பாட்டுச் செருக வழி உண்டு, ஹெட்ஃபோனுக்கும் உண்டு. தொனிக்கு ட்ரெபிளும் பேஸும் மட்டுமே, ரிவெர்ப் இல்லை. கரகரப்பில்லாமல் க்ளீனாக வாசிக்கிறவருக்குப் போதும். ஹெவி மெட்டல் கனவோடு வருகிற பையனுக்கு இதைக் கொடுத்தால் முகம் வாடிவிடும்.

பாஸ் கட்டானா மினி: 7 வாட், 4 அங்குலம், மூன்று ஆம்ப் வகைகள் (வெவ்வேறு ஆம்புகளின் தொனியைத் தரும் தேர்வுகள்), கூடவே டிலே (வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் விளைவு). ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். இடமே இல்லாத வீட்டுக்கு என் தேர்வு இது. ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸும் அதே ஆறு பேட்டரி ரகம். 3 வாட்தான், ஆனால் ஸ்பீக்கர் 5 அங்குலம், உள்ளேயே ட்யூனர், எட்டு ஆம்ப் வகைகள். 3 வாட் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களை ஒருமுறை அதன்முன் உட்கார வைத்தால் போதும்.

பட்ஜெட் கொஞ்சம் இழுபடுமானால் பாஸ் கட்டானா 50. 50 வாட், 12 அங்குலம் என்று படித்துப் பயப்பட வேண்டாம்: சக்தியை அரை வாட்டுக்கு இறக்க ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பெரிய ஸ்பீக்கரின் உடம்பும், வீட்டுக்கு ஏற்ற சத்தமும் ஒன்றாகக் கிடைப்பது இந்த விலையில் அபூர்வம். பத்து கிலோவுக்கு மேல் கனம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் 40 பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு 4 அங்குல ஸ்பீக்கர்கள், ஃபோன் செயலியில் தொனிகள் கொட்டிக் கிடக்கின்றன, பாட்டுக்குக் கார்டு கண்டுபிடித்தும் தரும். நல்ல பொருள்தான். என் தயக்கம் வேறு. செயலியைத் திறந்தவர் தொனி தேடியே ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, ஸ்கேல் வாசிக்காமல் தூங்கப் போகிறார். உங்களுக்குக் கட்டுப்பாடு உண்டென்றால் தாராளமாக வாங்குங்கள்.

ட்ரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களில் ஓடுகிற ட்யூப் ஆம்ப் ஆசை எல்லோருக்கும் வரும். அதன் அழகு அவுட்புட் ட்யூபை வியர்க்க விடும்போதுதான் வெளிவரும், 5 வாட் ட்யூப் ஆம்பை அந்த நிலைக்குக் கொண்டுபோனால் தெருவே கேட்கும். வீட்டுப் பயிற்சிக்கு இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஹெட்ஃபோன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய பயிற்சியில் பாதி அதில்தான் நடக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வாக்கில் உச்ச ஒலிகளைத் தானாகவே வடிகட்டிவிடும். ஹெட்ஃபோன் வடிகட்டாது. ஆகவே ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலிசெய்து தருகிற மின்சுற்று ஹெட்ஃபோன் வழியில் இல்லாவிட்டால், டிஸ்டார்ஷன் காதுக்குள் தேனீக்கூட்டம் புகுந்ததுபோல் இருக்கும். க்ரஷ் 12-ல் அந்த வசதி உண்டு. எதை வாங்கினாலும் உங்கள் சொந்த ஹெட்ஃபோனைக் கடைக்கு எடுத்துப்போய்ச் செருகிக் கேளுங்கள். வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் மீட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம் விழும், தாளமே பிடிக்காது. ஆம்பில் ‘ப்ளூடூத் உண்டு’ என்று எழுதியிருந்தால், அனேகமாக ஃபோனிலிருந்து பாட்டை அனுப்புவதற்குத்தான் அது.

பிக்கப் (தந்தியின் ஒலியை ஆம்புக்கு அனுப்பும் கருவி) வைத்த அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இவற்றில் பெரும்பாலானவை சரிப்படாது; மூக்கடைத்த குரலில் பேசும், அதற்கென்று ட்வீட்டரோடு வரும் ஆம்புகள் தனி. பேஸ் கிட்டாரைச் செருகிச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் கிழியவும் கூடும்.

கைமாறிய ஆம்ப் வாங்க நான் தயங்குவதில்லை. ட்ரான்சிஸ்டர் ஆம்புகளில் தேய்ந்து கெடுவதற்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு குமிழையும் முழுசாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் தெளித்தே சரிசெய்யலாம். கேபிளைச் செருகி லேசாக ஆட்டும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஹெட்ஃபோனைச் செருகியதும் ஸ்பீக்கர் நிற்கிறதா, எடுத்ததும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அடாப்டரில் ஓடுகிற ஆம்ப் என்றால் அதனுடைய அடாப்டரையே கேட்டு வாங்குங்கள். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் முள்ளின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது மாறினால் ஆம்ப் போயே போய்விடும்.