யு 67, 251, சி-800ஜி: டியூப் மைக்கை வாங்குவதும் வைத்துக் காப்பாற்றுவதும்

குரல் பதிவுக்கு நல்ல டியூப் மைக் (உள்ளே வால்வு எனும் கண்ணாடிக் குழாய் உள்ள மைக்) ஒன்று தேடியபோது என் பட்டியலில் கடைசிவரை நின்றவை மூன்று. நியூமன் நிறுவனம் 2018இல் மறுபடி தயாரிக்கத் தொடங்கிய யு 67 ஒன்று. ஏகேஜி சி 12, அதே பட்டறையில் பிறந்த டெலிஃபங்கன் எலா எம் 251 ஆகியவற்றின் வழியில் இன்று செய்யப்படும் மைக்குகள் இரண்டாவது. மூன்றாவது சோனி சி-800ஜி. நான் வாங்கியது யு 67. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

ஒலியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் பேசிவிட்டதால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 251 மேல்ஸ்தாயியில் நன்றாகத் திறந்து ஒலிக்கும். மென்மையான குரல்கூட இசைக்குள் புதைந்துபோகாது. சி-800ஜி அதைவிடப் பளிச்சென்று இருக்கும். ராப், பாப் பாடகர்கள் அதைக் கேட்டு வாங்குவதற்கு அதுதான் காரணம். யு 67இல் நடுப்பகுதி கனமாக இருக்கும், 'ச', 'ஸ' எல்லாம் காதில் குத்தாது. அதன் காப்சூல், அதாவது ஒலியை மின்சாரமாக்கும் பகுதி, மேல் அதிர்வெண்களைத் தூக்கித் தரும், உள்ளே இருக்கும் மின்சுற்று அதைத் திரும்ப இறக்கிவிடும். இறக்கும்போது வால்வின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். மூன்றில் எதில் பதிவு செய்தாலும் 'மைக் சரியில்லை' என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? என்னைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: பத்து வருஷம் கழித்து இதில் எது கெட்டுப்போகும், கெட்டால் மாற்று கிடைக்குமா? டியூப் மைக்கில் டிரான்ஸ்ஃபார்மர் அநேகமாக நம்மைவிட அதிக காலம் இருக்கும். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் எந்த நல்ல டெக்னீஷியனும் மாற்றிவிடுவார். ஆயுள் குறைந்தவை வால்வும் காப்சூலும்தான்.

வால்வு கதை எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு 1949இல் வந்த நியூமன் யு 47 மைக்கைப் பார்த்தால் போதும். அதில் இருப்பது டெலிஃபங்கனின் விஎஃப்14. அதன் உற்பத்தி 1950களின் பிற்பகுதியிலேயே நின்றுவிட்டது. தயாரானவற்றிலும் இரைச்சல் குறைந்தவையாகத் தேறியவற்றுக்குத்தான் மைக்குக்கு உரியது என்று 'எம்' முத்திரை கிடைத்தது. அதற்குப் பதில் வேறொரு வால்வைச் சும்மா செருகிவிடவும் முடியாது. விஎஃப்14இன் ஹீட்டர் (வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழை) 55 வோல்ட் வகை; யு 47 அதை வேண்டுமென்றே குறைந்த வோல்ட்டேஜில் ஓட்டுகிறது, அந்த மின்சாரமும் சுமார் 105 வோல்ட் சப்ளையிலிருந்தே எடுக்கப்படுகிறது. வேறு வால்வு போட்டால் ஹீட்டர் சுற்றையே மாற்ற வேண்டும். 1951இன் எம் 49இல் இருந்த ஏசி701ம் இதே வழியில் போனது. விரல் நுனி அளவு குட்டி வால்வு, ஊசிகளுக்குப் பதில் கம்பிகள், இப்போது அபூர்வம். பழைய மைக் மீதான காதலை நான் குறை சொல்லவில்லை, ஆனால் தினமும் வேலை வாங்கும் மைக்குக்கு இது சரிப்படாது.

யு 67இல் இருப்பது இஎஃப்86. 1950களில் ப்ரீஆம்ப், டேப் ரெக்கார்டர் போன்றவற்றுக்காகவே வடிவமைத்த, இரைச்சல் குறைந்த பென்டோடு, அதாவது ஐந்து மின்முனை கொண்ட வால்வு. கணக்கில்லாமல் தயாரானது, பழைய இருப்பும் கிடைக்கிறது, புதிதாகவும் வருகிறது. ஒன்பது ஊசி, சாக்கெட்டில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் எந்த இஎஃப்86ம் மைக்குக்கு ஆகாது. ஆம்ப்ளிஃபயரில் ஒழுங்காக ஓடும் வால்வு மைக்குக்குள் போனதும் உஸ்ஸென்று இரையும். இல்லை, உடலை லேசாகத் தட்டினாலே மணி மாதிரி ஒலிக்கும். நாலைந்து வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்டுப் பொறுக்க வேண்டும். மீதி வால்வுகள் வீணாகாது, கிட்டார் ஆம்ப் வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

251 பக்கம் நிலைமை மோசமில்லை, ஆனால் கவனம் தேவை. அந்த மைக் இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் ஏசி701 குடும்ப வால்வு. 'இ' என்று முடியும் ஏற்றுமதி வகையில் 6072. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, பராமரிப்பில் தலைவிதி வேறு. 1953இன் சி 12இலும் 6072தான், இன்றைய பிரதிகள் பெரும்பாலும் 6072ஏ வால்வையே வைக்கின்றன. இது 12ஏஒய்7 வால்வின் இரைச்சல் குறைந்த வடிவம், புதிதாகவும் கிடைக்கிறது. ஆக வால்வு விஷயத்தில் 251 வழி மைக்குகளை யு 67க்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.

நான் யு 67 பக்கம் சாய்ந்தது காப்சூலால். அதன் கே 67 குடும்பம் 1967இல் வந்த யு 87க்கும் போய், யு 87 இன்றும் தயாரிப்பில் இருப்பதால் இன்றுவரை தொடர்கிறது. நியூமனிடமே வாங்கலாம், டயாஃப்ரத்தை (ஒலியில் அதிரும் மெல்லிய சவ்வை) மட்டும் புதுப்பித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். சி 12, 251 இரண்டிலும் இருந்த சிகே12 வகையைத் துல்லியமாகச் செய்வது கஷ்டம். பித்தளை உடல், உள்ளே காற்று அறைகள், இழுவிசையை மிக நுணுக்கமாக வைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்பவர்கள் சிலர்தான், அவர்களிடம் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, இது சிகே12க்குச் சாதகமானது. கே 67இல் மின் இணைப்பு டயாஃப்ரத்தின் நட்டநடுவே ஒரு திருகில் இருக்கிறது, சிகே12இல் விளிம்பில். பாடுபவரின் மூச்சும் எச்சில் துளியும் முதலில் போய் விழுவது நடுவில்தான். டயாஃப்ரத்தில் 60 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருப்பதால் தூசியும் தானாக ஒட்டும். ஈரமும் தூசியும் சேர்ந்தால் அந்தத் திருகைச் சுற்றிக் கசிவு, அப்புறம் பட் பட் சத்தம். ஆகவே யு 67 வைத்திருப்பவர் பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன்னால் மூச்சைத் தடுக்கும் வலை) இல்லாமல் யாரையும் பாடவிடக் கூடாது.

ஈரம் ஏன் இவ்வளவு படுத்துகிறது? காப்சூலின் கெப்பாசிட்டன்ஸ் 80 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். கீழே 20 ஹெர்ட்ஸ் வரை ஒலி வேண்டுமென்றால் வால்வின் கிரிட்டில் (சிக்னல் உள்ளே போகும் முனையில்) கிட்டத்தட்ட 100 மெகா ஓம் ரெசிஸ்டர் தேவை. அந்த இடத்தில் விரல் ரேகையின் எண்ணெய்கூட ஒரு மின்பாதைதான். உள்ளே கை வைக்க நேர்ந்தால் கையுறை போடுங்கள். சாக்கெட்டையும் இன்சுலேட்டரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம், காப்சூலை மட்டும் தொடாதீர்கள். அதன் டயாஃப்ரம் சில மைக்ரான் தடிமன், அதன் மேல் தங்கப் பூச்சு. நிபுணர் வேலை அது. பதிவு முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. மழைக்காலத்தில் ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் பொரிவது ஹீட்டர் சூட்டில் காய்ந்து அடங்கினால் பயப்பட வேண்டாம், அரைமணி கழித்தும் அடங்காவிட்டால்தான் கவலை. மெல்ல மெல்ல ஏறும் உஸ் சத்தத்துக்கு முதலில் வால்வைச் சந்தேகியுங்கள். ஹம் என்றால் கேபிளும் பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களும்.

சோனியைப் பற்றி நான் கொஞ்சமே சொல்ல முடியும், வேறொருவர் ஸ்டூடியோவில் சில பதிவுகளில் பழகியதோடு சரி. 1992இல் வந்தது, உள்ளே 6ஏயூ6, பழைய டிவி, ரேடியோக்களில் புழங்கிய சாதாரண வால்வு. அதனால் வால்வுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வால்வைக் குளிர வைக்க ஒரு பெல்டியர் கருவி, அதன் சூட்டை வெளியேற்ற முதுகில் துடுப்புகள், அதற்கேற்ற பவர் சப்ளை, எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். எனக்கு ஒலி பிடித்தும் விட்டதற்கு அதுவே காரணம். அதை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

என் யு 67 இன்னும் இளசு, அதன் வால்வு தேய்ந்து நான் பார்க்கவில்லை. இஎஃப்86 பொறுக்கிய அனுபவமெல்லாம் நண்பரின் பழைய யு 67இல் கிடைத்தது. 1960க்கும் 1971க்கும் இடையில் செய்த மைக் அது, இன்றும் பாடுகிறது.

உங்கள் வேலை பெரும்பாலும் மென்மையான குரலும் கம்பி வாத்தியங்களும் என்றால், காப்சூல் பழுதுக்குக் காத்திருக்கும் பொறுமையும் இருந்தால், 251 வழியில் போங்கள். வால்வு, பராமரிப்பு எதுவுமே வேண்டாம் என்றால் யு 87 இருக்கிறது. யு 67தான் என்று முடிவானால் மைக்கோடு சேர்த்துப் பொறுக்கிய இஎஃப்86 ஒன்றும், பல ஊசி கேபிள் இன்னொன்றும் வாங்கி வையுங்கள். கேபிளைக் கழற்றும் முன் பவர் சப்ளையை அணைத்துச் சில நிமிடம் விடுங்கள், அதில் ஓடுவது 200 வோல்ட்டுக்கு மேல்.