ஹெட் போல்ட்: பழையதா, புதியதா?

இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை அடியிலுள்ள பிளாக்கோடு இறுக்கிப் பிடிப்பதுதான் ஹெட் போல்ட். பழைய ரக இன்ஜின்களில் இந்த போல்ட்டைக் கழற்றி, மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நீளம் கூடவில்லை என்றால் திரும்பப் போடலாம். டார்க் ரென்ச்சில் (முறுக்கு விசையை, அதாவது டார்க்கை, அளந்து முறுக்கும் ஸ்பேனர்) நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும்.

கோணக் கணக்கில் முறுக்கும் போல்ட் வேறு ரகம். முதலில் குறைந்த டார்க், அப்புறம் 90 டிகிரி. சில இன்ஜின்களில் மறுபடி ஒரு 90. அந்தத் திருகலில் இரும்பே நிரந்தரமாக இழுபட்டுவிடும். அதனால் கழற்றியதை மறுபடி போடாதே என்பதுதான் பெரும்பாலான சர்வீஸ் மேனுவல்களின் பேச்சு. புது செட் விலை கடிக்கும், சரி. நான் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஊதினால் மொத்த வேலையும் மறுபடி.

எதைப் போட்டாலும் பிளாக்கின் போல்ட் குழிக்குள் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் துடைத்து எடுங்கள். அடியில் சிக்கிய திரவம் நசுங்காது, பிளாக்தான் விரிசல் விடும்.